பழைய கச்சேரிப் பதிவுகளைத் தேடிக் கேட்க: சிங்கப்பூரில் புதிதாகத் தொடங்குவோருக்கு

முசிறி சுப்ரமணிய ஐயரையோ மதுரை மணி ஐயரையோ ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, ‘ஒரே இரைச்சல், குரலும் கீச்சென்று இருக்கிறது’ என்று ஒதுக்கிவிடுபவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் குறை பாடகரிடமும் இல்லை, அந்தக் கால ஒலிப்பதிவிலும் இல்லை. கையில் கிடைத்த நகலில்தான் இருக்கிறது. வேகம் தப்பிய நகல், பத்துக் கை மாறிய நகல், இரைச்சலை எடுக்கிறேன் என்று தம்புராவையும் சேர்த்து எடுத்துவிட்ட நகல். எதில் தொடங்குவது, நல்ல நகலை எப்படிப் பிடிப்பது, தட்டு வாங்கினால் எவ்வளவு வரி, அலமாரியில் கிடக்கும் கேசட்டுகளை என்ன செய்வது என்பதையெல்லாம் செய்யவேண்டிய வரிசையிலேயே கீழே தருகிறேன். ராகம், தாளம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

1. எதிலிருந்து தொடங்குவது

பழையது என்றாலே நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் 78 ஆர்பிஎம் தட்டுகளுக்குப் போய்விடாதீர்கள். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் கொள்ளும். ஆலாபனை, பாட்டு, ஸ்வரம் எல்லாவற்றையும் அதற்குள் அடக்கிப் பாடியிருப்பார்கள். அந்தச் சுருக்கத்தின் அழகு முழுக் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்குத்தான் பிடிபடும். ஆகவே 1950களிலும் 60களிலும் சபாக்களிலும் வானொலியிலும் நாடாவில் பிடித்த கச்சேரிகளில் தொடங்குங்கள்.

முதல் ஆள் மதுரை மணி ஐயர் (1912–1968). அவர் ஸ்வரம் பாடும்போது தாளம் தெரியாதவர் காலும் தானாக ஆடும். காம்போதியில் ‘காணக் கண் கோடி வேண்டும்’, ஜோன்புரியில் ‘எப்போ வருவாரோ’, கடைசியில் அவருக்கே அடையாளமாகிப்போன, மேற்கத்திய மெட்டிலான இங்கிலீஷ் நோட்டு, இந்த மூன்றும் போதும். அவருடைய பதிவுகளில் பெரும்பகுதி நேரடிக் கச்சேரி. இருமல், நாற்காலி நகரும் சத்தம், ரசிகர்களின் ‘ஆஹா’ எல்லாம் சேர்ந்தே வரும். பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

இரண்டாவது, எம்.எல். வசந்தகுமாரியின் திருப்பாவை. மெட்டுகள் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்தவை. பாட்டு தமிழ், நீளம் குறைவு, ராகம் பாட்டுக்குப் பாட்டு மாறும். ராகங்களை அடையாளம் காணப் பழக இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

மூன்றாவது, நாகஸ்வரம். ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு சேர்ந்து வாசித்த காருகுறிச்சி அருணாசலத்தை எல்லாருக்கும் தெரியும். ‘சிங்கார வேலனே’யை விட்டு வெளியே வந்து அவருடைய கச்சேரிப் பதிவுகளைக் கேளுங்கள். பிறகு அவருடைய குரு டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. நாகஸ்வரப் பதிவுக்கு ஒலியளவைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு தொடங்குங்கள். அந்தக் கால மைக்குகள் நாகஸ்வரத்தின் உரத்த ஒலியைத் தாங்காமல் பிளந்திருக்கும். சத்தம் கூடக் கூட அந்தப் பிளவுதான் காதில் விழும்.

இம்மூன்றும் பழகியபின் அரியக்குடியின் (1890–1967) முழுக் கச்சேரி ஒன்றை, தொடக்க வர்ணம் முதல் முடிவு மங்களம் வரை, இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். இன்றைக்கு எஸ்பிளனேடிலோ கோயில் மண்டபத்திலோ நீங்கள் கேட்கும் கச்சேரியின் வரிசை அவர் நிலைப்படுத்தியது. எந்தப் பாட்டையும் இழுக்கமாட்டார். இன்னும் கொஞ்சம் பாடியிருக்கலாமே என்று தோன்றும் இடத்தில் அடுத்ததற்குப் போய்விடுவார்.

செம்மங்குடி சீனிவாச ஐயரின் குரல் முதல் தடவையில் பிடிக்காமல் போகலாம். கரகரப்பிரியாவில் ‘சக்கனி ராஜ’ பாடியதை மூன்று தடவையாவது கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இரைச்சலே ஆகாது என்பவர்களுக்கு இராம்நாடு கிருஷ்ணன். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நோன்சச் நிறுவனத்துக்காக அவர் பாடிய தட்டுகள் ஒலித்தரத்தில் அந்தத் தலைமுறையிலேயே தனித்து நிற்பவை. கே.வி. நாராயணசுவாமியின் ‘வருகலாமோ’வையும் இதே வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.எஸ். சுப்புலட்சுமி என்றால் பலருக்கு 1963ஆம் ஆண்டின் சுப்ரபாதத் தட்டோடு முடிந்துவிடுகிறது. 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் பாடிய கச்சேரியைக் கேளுங்கள். அதன்பின் 1940களின் தட்டுகளுக்குப் பின்னோக்கிப் போங்கள். அந்த வயதுக் குரலின் வேகமும் துணிச்சலும் வேறு ஆளோ என்று எண்ண வைக்கும்.

இப்போது 78களுக்கு வரலாம். எஸ்.ஜி. கிட்டப்பாவின் ‘எவரனி’, முசிறியின் ‘நகுமோமு’, ஜி.என். பாலசுப்ரமணியத்தின் ‘வாசுதேவயனி’, டி.கே. பட்டம்மாளின் ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’, என்.சி. வசந்தகோகிலத்தின் எந்தத் தட்டானாலும். தமிழிசை மேல் பற்றுள்ளவர்கள் எம்.எம். தண்டபாணி தேசிகரை விட்டுவிடக்கூடாது. பாரதிதாசனின் ‘துன்பம் நேர்கையில்’ பாட்டுக்கு தேஷ் ராகத்தில் மெட்டுப் போட்டவர் அவரே.

பிருந்தா – முக்தா சகோதரிகளின் பதங்கள், புல்லாங்குழல் மாலி, வீணை தனம்மாளின் சில தட்டுகள் ஆகியவற்றைக் கடைசிக்கு வையுங்கள். தரத்தில் இவை யாருக்கும் பின்னால் இல்லை. பதம் மெதுவாக நகரும், மாலி நடுவே மௌனமாகிவிடுவார், தனம்மாளின் மீட்டு ஊசிச் சத்தத்துக்கு அடியில் மெல்லியதாகக் கேட்கும். அவசரத்தில் கேட்டால் ஒன்றும் கிடைக்காது.

கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் இவற்றைக் கேட்காதீர்கள். தம்புராவும் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியும் அதில் அறவே விழாது, மிஞ்சுவது இரைச்சலும் குரலும்தான். சுமாரான ஹெட்ஃபோன் ஒன்று போதும். வீவக வீட்டில் இரவு பத்தரைக்குமேல் கேட்பவர்களுக்கு அதைவிட்டால் வழியும் இல்லை.

2. எங்கே தேடுவது

காசு செலவழிப்பதற்குமுன் இலவச வழிகளை முடித்துவிடுங்கள். சங்கீதப்ரியா என்ற தன்னார்வலர் தளத்தில் நேரடிக் கச்சேரிகள் ஏராளம். கடையில் விற்கும் வெளியீடுகளை அவர்கள் போடுவதில்லை. பிரசார் பாரதியின் ஆவணக் காப்பகம் யூடியூபில் அகில இந்திய வானொலி, தூர்தர்ஷன் பதிவுகளை வெளியிடுகிறது. மூலநாடாவிலிருந்து வருவதால் நகலின் நகல் என்ற தொல்லை இவற்றில் குறைவு. எச்எம்வி, கொலம்பியா முத்திரைகளில் வந்த தட்டுகளின் பெரும்பகுதி இன்று சரிகம நிறுவனத்திடம் இருக்கிறது. மாதச் சந்தாச் செயலிகளில் அவை கிடைக்கும்.

செயலிகளில் தேடும்போது இரண்டு தொல்லைகள். ஒன்று, எழுத்துக்கூட்டல். ஆங்கிலத்தில் தோடியை டி போட்டும் எழுதுவார்கள், டிஎச் போட்டும் எழுதுவார்கள். பாடகர் பெயரில் தலைப்பெழுத்து ஒட்டியும் இருக்கும், விட்டும் இருக்கும். மூன்று நான்கு விதமாகத் தேடாமல் ‘இல்லை’ என்று முடிவுகட்டாதீர்கள். இன்னொன்று, ‘சிறந்த பாடல்கள்’ வகைத் தொகுப்புகள். 1940இன் தட்டும் 1980இன் கேசட்டும் ஆண்டு குறிக்காமல் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். சிலவற்றில் எதிரொலி சேர்த்திருப்பார்கள். ஒரே பாட்டு இரண்டு தொகுப்பில் கிடைத்தால் இரண்டையும் ஒப்பிட்டு, எதிரொலி இல்லாததை வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாகச் ‘சரசர’வென்றிருந்தாலும் அதுவே நல்லது.

தேசிய நூலக வாரியத்தில் உறுப்பினராகுங்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அடிப்படை உறுப்பியம் இலவசம். வேலை அனுமதி, மாணவர் அனுமதி போன்றவற்றில் இருப்பவர்களுக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. ஃபின் எண் கொண்ட அனுமதி அட்டை கையில் இருக்கவேண்டும். அதற்குமுன், நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. பழைய ஆங்கில நாளிதழ்களும் தமிழ் முரசும் அதில் உண்டு. சில இதழ்களை நூலகக் கணினியில் மட்டும் பார்க்கலாம். இது எதற்கு உதவும் என்பதை ஏழாவது பகுதியில் சொல்கிறேன்.

மனிதர்களையும் மறக்காதீர்கள். 1949இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் போன்ற அமைப்புகளைச் சுற்றி, தலைமுறை தலைமுறையாக நாடா சேர்த்த குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. பாட்டு வகுப்புக்குப் பிள்ளையைக் கொண்டுவிடும்போது ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். ‘கடன் கொடுங்கள்’ என்று கேட்டால் தயங்குவார்கள். ‘டிஜிட்டலாக்கித் திருப்பித் தருகிறேன், உங்களுக்கும் ஒரு நகல்’ என்று கேட்டால் பெட்டியோடு தருவார்கள்.

3. சுருதியைச் சரிபார்ப்பது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். பதிவு சரியான வேகத்தில் ஓடவில்லையென்றால் பாடகரின் குரலே மாறிவிடும், கமகம் (ஸ்வரத்தின் அசைவு) பதறும். 78 தட்டு என்று பெயர்தானே தவிர, பல தட்டுகள் 74இலும் 80இலும் வெட்டப்பட்டவை. 74இல் வெட்டியதை 78இல் ஓட்டினால் ஐந்தரை விழுக்காடு வேகம் கூடும், சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை (ஆர்மோனியத்தில் அடுத்த கட்டை அளவு) ஏறிவிடும். கேசட் நகல்களிலும் இதே கதை. கேசட்டை ஓட்டும் ஒவ்வொரு டெக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிடும், அல்லது இறக்கிவிடும்.

முதலில் கைப்பேசியில் ஒரு சுருதிப்பெட்டிச் செயலியைப் போட்டு, பாடகரின் ஆதார ஸட்ஜம் (பாட்டுக்கு அடிப்படையான ‘ஸ’) எந்தக் கட்டை என்று பாருங்கள். அதே பாடகர் அதே காலத்தில் பாடிய வேறு மூன்று பதிவுகளோடு ஒப்பிடுங்கள். மூன்றும் ஓரிடத்தில் நிற்க, ஒன்று மட்டும் அரைக் கட்டை ஏறியிருந்தால் அதன் வேகத்தில்தான் கோளாறு. இரண்டு கட்டைகளுக்கு நடுவே அந்தரத்தில் நின்றாலும் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது வழி இன்னும் துல்லியமானது. இந்தியாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய நேரடிப் பதிவுகளில் அதன் ‘ம்ம்’ என்ற ரீங்காரம் மெல்லியதாகப் பதிந்திருக்கும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில், பாட்டு தொடங்குமுன் உள்ள அமைதியான இடத்தைத் தேர்ந்தெடுத்து அலைவரிசைப் படத்தைப் பாருங்கள். மேடு 50இல் அல்லது 100இல் இருந்தால் சரி. 53இல் இருந்தால் பதிவு 6 விழுக்காடு வேகமாக ஓடுகிறது. நகலெடுத்த கட்டத்திலும் ரீங்காரம் ஒட்டியிருக்கக்கூடும். அப்போது இரண்டு மேடுகள் தெரியும். சரியாக 50இல் இருப்பது அனேகமாகப் பிந்தியது, தள்ளி நிற்பது மூலப் பதிவுடையது.

திருத்தும்போது வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் கருவியையே பயன்படுத்துங்கள். சுருதியை மட்டும் இறக்கும் கருவி இருக்கிறது, அது தாளத்தை அப்படியே வேகமாக விட்டுவிடும், குரலும் உலோகம்போல் ஆகும். 6 விழுக்காடு வேகமாக ஓடும் பதிவுக்கு 6 அன்று, 5.66 குறைக்கவேண்டும். ஒரு மணி நேரப் பதிவு 63 நிமிடம் 36 நொடியாக நீளும்.

ஒரு எச்சரிக்கை. குரல் உயர்ந்திருக்கிறது என்பதாலேயே வேகம் தப்பு என்று முடிவுகட்டாதீர்கள். ஒலிபெருக்கி பரவாத காலத்தில் நாடக மேடையில் பாடியவர்கள் கடைசி வரிசைக்குக் கேட்க உச்சத்தில் பாடினார்கள். கிட்டப்பாவை இன்றைய ஆண் பாடகர்கள் பாடும் ஒரு கட்டைக்கு இறக்கினால் அது கிட்டப்பா இல்லை.

4. தட்டு வாங்குவதானால்

சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையோடு போய்விட்டது. இன்று கேரொசெலும், பழைய தட்டு விற்கும் சில கடைகளும்தான். கோல்மன் ஸ்திரீட்டின் அடெல்ஃபி கட்டடத்தில் ஒலிச்சாதனக் கடைகள் இருக்கின்றன. ஊசியும் கார்ட்ரிட்ஜும் அங்கே கேட்கலாம். கர்நாடக இசைத் தட்டுகள் பெரும்பாலும் சீன, ஆங்கிலத் தட்டுகளோடு கலந்த மொத்தக் குவியலாக வரும். விற்பவருக்குத் தமிழ் தெரியாது. லேபிளின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

எல்பியை, அதாவது பிற்காலத்து நீண்டநேர பிளாஸ்டிக் தட்டை, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். நகத்தால் தடவும்போது தட்டுப்படும் கீறல் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ‘டக்’ கேட்கும். 78 தட்டில் கீறலைவிட முக்கியம் பள்ளங்களின் நிறம். பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தால் எஃகு ஊசி தின்றுவிட்டது. எவ்வளவு கழுவினாலும் திரும்பாது. விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். விரிசல் இருந்தால் சத்தம் மொத்தையாக இருக்கும்.

எல்பிக்கான ஊசியை 78இல் வைக்கக்கூடாது. 78இன் பள்ளம் அகலம், அதற்கு 3 மில் ஊசி வேண்டும் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எல்பியின் ஊசி 0.7 மில் அளவினது, பள்ளத்தின் அடியில் கிடக்கும் குப்பையைத்தான் படிக்கும். சூட்கேஸ் வடிவ மலிவு டர்ன்டேபிள்களில் ‘78’ என்ற பொத்தான் இருக்கும், ஊசி ஒன்றுதான் இருக்கும். அழுத்தமும் அதிகம், நல்ல எல்பியையும் தேய்த்துவிடும்.

ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த பழைய டர்ன்டேபிள் மலிவாகக் கிடைத்தால் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 100 அல்லது 120 வோல்ட் கருவியை நேரே செருகினால் கருகும். மின்மாற்றி வைத்தால் வோல்ட் இறங்கும், ஹெர்ட்ஸ் மாறாது. சில பழைய மோட்டார்கள் ஹெர்ட்ஸைப் பார்த்தே சுழலும். 60க்கானது இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும்.

கழுவும்போது கவனம். எல்பிக்குக் காய்ச்சி வடித்த நீரில் கொஞ்சம் ஐசோபுரொபைல் ஆல்கஹால் சேர்க்கலாம். 78 தட்டு அரக்கால் ஆனது, ஆல்கஹால் பட்டால் கரையும். அதற்கு நீரும் ஒரு துளி மென்சோப்பும் போதும். லேபிள் நனையக்கூடாது.

5. இந்தியாவிலிருந்து கொண்டுவருவது: வரியும் ஆவணங்களும்

அஞ்சலிலோ கூரியரிலோ வரவழைத்தால், பொருளின் விலை, அனுப்பும் செலவு, காப்புறுதி மூன்றையும் கூட்டி 400 வெள்ளியைத் தாண்டினால் மொத்தத்துக்கும் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 450 வெள்ளி என்றால் வரி 40.50 வெள்ளி. 400க்குள் என்றாலும், இங்கே பதிவு செய்துள்ள பெரிய இணைய விற்பனைத் தளங்கள் 2023 முதல் விற்கும்போதே வரியை வசூலித்துவிடுகின்றன. ரசீதில் வரி காட்டியிருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள், இரண்டாம் முறை கேட்டால் காட்டவேண்டும்.

கையில் கொண்டுவந்தால், 48 மணி நேரமோ அதற்குமேலோ வெளியே இருந்த பயணிக்கு 500 வெள்ளி வரை வரிச் சலுகை, அதற்குக் குறைவென்றால் 100 வெள்ளி. பலர் கவனிக்காதது: வேலை அனுமதி, எம்ப்ளாய்மென்ட் பாஸ், மாணவர், சார்ந்திருப்போர், நீண்டகால அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒரு வார விடுப்பில் 620 வெள்ளிக்குத் தட்டு வாங்கிய நிரந்தரவாசி 120 வெள்ளிக்கு வரியாக 10.80 கட்டுவார். பாஸில் இருப்பவர் முழுத்தொகைக்கும் 55.80 கட்டவேண்டும். சிவப்புத் தடத்தில் போய்ச் சொல்லிவிடுங்கள், அல்லது புறப்படுமுன் சுங்கத்துறையின் இணையச் செயலியில் கட்டிவிடுங்கள்.

புதிதாகக் குடிவருபவர்களுக்கு நல்ல வாய்ப்பு ஒன்று உண்டு. குடிபெயரும்போது கொண்டுவரும் பயன்படுத்திய வீட்டுப்பொருள்களுக்கு வரி விலக்குக் கேட்கலாம். குறைந்தது மூன்று மாதம் உங்களிடம் இருந்திருக்கவேண்டும், முதலில் வந்து சேர்ந்து ஆறு மாதத்துக்குள் கொண்டுவரவேண்டும், வந்தபின் மூன்று மாதத்துக்கு விற்கக்கூடாது. கடவுச்சீட்டு, பாஸ் அல்லது அதற்கான ஒப்புதல் கடிதம், விலை மதிப்போடு பொருள் பட்டியல் ஆகியவற்றைச் சரக்கு முகவரிடம் கொடுங்கள். பட்டியலில் ‘பழைய இசைத்தட்டு, 60, கேசட், 110’ என்று தனித்தனியாக எழுதுங்கள். ‘இதர பொருள்கள்’ என்று எழுதினால் பெட்டியைத் திறந்து பார்க்க நேரும், அடுக்கு கலையும், தட்டு உடையும். அப்பா அம்மாவின் நாடாப் பெட்டி சென்னையிலோ மதுரையிலோ இருந்தால் இந்த ஆறு மாதத்தை விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு சட்டமும் தெரிந்திருக்கட்டும். 100 ஆண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருள்களை இந்தியாவிலிருந்து தனியார் வெளியே எடுத்துச்செல்வதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. தொடக்ககாலத் தட்டுகளில் பாடிய கோயம்புத்தூர் தாயியின் காலத்துத் தட்டு கையில் கிடைத்தால் கொண்டுவர முயலாமல் அங்கேயே ஒரு காப்பகத்தில் ஒப்படையுங்கள். நகல் மட்டும் கேட்டு வாங்குங்கள்.

78 தட்டுகள் கனமும் நொறுங்கும் தன்மையும் உடையவை. இருபத்தைந்து தட்டு 5 கிலோவை நெருங்கும். படுக்கவைக்காமல் நிறுத்தி, இருபுறமும் நெளி அட்டை கொடுத்து, ஆடாமல் இறுக்கிக் கைப்பையில் கொண்டுவாருங்கள். விமான நிலைய எக்ஸ்ரே கேசட்டைக் கெடுக்காது.

6. வீட்டுக் கேசட்டுகளை டிஜிட்டலாக்குவது

சிங்கப்பூரின் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 80 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கும். கேசட்டுக்கு முதல் எதிரி பூஞ்சை. ஜன்னல் வழியே நாடாச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாக மாவு படிந்ததுபோல் இருந்தால் அதை டெக்கில் போடாதீர்கள். ஒரு பூஞ்சைக் கேசட் டெக்கின் உருளையில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல கேசட்டுகளுக்கும் பரவும். அவற்றைத் தனிப்பையில் கட்டி ஒதுக்கிவையுங்கள். சுத்தம் செய்யும்போது முகக்கவசமும் கையுறையும் அவசியம்.

நல்லவற்றுக்குச் செய்முறை இது. முதலில் மேல்விளிம்பிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிடுங்கள், தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. நாடாவுக்குப் பின்னாலுள்ள பஞ்சுத்தகடு விழுந்திருந்தால் ஒலி மங்கும். வேறு கேசட்டின் கூட்டுக்கு மாற்றவேண்டும். திருகு போட்ட கூடு திறப்பது எளிது, ஒட்டிய கூட்டைக் கத்தியால் பிளக்கவேண்டும். பிறகு ஒரு முறை முழுதாக முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டி இறுக்கத்தைச் சமப்படுத்துங்கள். நான்கைந்து கேசட்டுக்கு ஒரு முறை ஆல்கஹால் தோய்த்த பஞ்சால், நாடாவைப் படிக்கும் டெக்கின் ஹெட்டைத் துடையுங்கள். ரப்பர் உருளைக்குச் சோப்பு நீரே நல்லது.

கையடக்கமான யுஎஸ்பி கேசட் கருவிகளை வாங்காதீர்கள். வேகம் அலைபாயும், தம்புரா நடுங்கும். பழுது பார்த்த ஒரு பழைய டெக்கும், 50 வெள்ளியைச் சுற்றிக் கிடைக்கும் எளிய யுஎஸ்பி ஒலி இடைமுகமும் அதைவிடப் பன்மடங்கு மேல். டெக்கை வாங்கும்போது பெல்ட் மாற்றியதா என்று கேளுங்கள். மாற்றாதது இந்த வெப்பத்தில் தார்போல் உருகியிருக்கும்.

ஹெட்டின் கோணம் பதிவு செய்த டெக்கின் கோணத்தோடு பொருந்தாவிட்டால் மேல்ஸ்தாயி மங்கிப்போகும். ஹெட்டின் பக்கத்திலுள்ள சின்னத் திருகை, பாட்டு ஓடும்போதே மெல்லத் திருப்பி, மிருதங்கத்தின் சாப்பும் கஞ்சிராவின் சலங்கையும் எங்கே மிகத் தெளிவாகக் கேட்கின்றனவோ அங்கே நிறுத்துங்கள். கேசட்டுக்குக் கேசட் இது மாறும். டால்பி (இரைச்சல் குறைக்கும் முறை) குறி இல்லாத கேசட்டுக்கு டால்பியைப் போடாதீர்கள்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிகாபைட் ஆகும். உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிளாக் வடிவில் சேமியுங்கள், தரம் குறையாமல் இடம் மிச்சமாகும். எம்பி3 குடும்பக் குழுவில் பகிர மட்டும். 90 நிமிடக் கேசட் ஓட 90 நிமிடம்தான், குறுக்குவழி இல்லை. சரிபார்த்தல், பெயரிடல் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு மூன்று மணி நேரம் என்று கணக்கு வைத்தால் ஏமாற்றம் இருக்காது.

இரைச்சல் நீக்கியைத் தொட்டால் மிக லேசாகத் தொடுங்கள். அதுவும் நகலில், மூலக் கோப்பில் அன்று. ஒரே மைக்கில் பிடித்த பதிவானால் இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிடுங்கள், எதையும் வெட்டாமலே இரைச்சல் இறங்கும்.

கடையில் கொடுத்துச் செய்வதானால் மூன்று கேள்வி கேளுங்கள்: எம்பி3 தவிர வேவ் அல்லது ஃபிளாக் தருவீர்களா, ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின் கோணத்தைச் சரிசெய்வீர்களா, இரைச்சல் நீக்காத கோப்பும் கிடைக்குமா. மூன்றுக்கும் ‘ஆம்’ வராவிட்டால், முதலில் ஒரே ஒரு கேசட்டைக் கொடுத்துப் பாருங்கள்.

7. யார், எப்போது என்று கண்டறிவது

அட்டையில் எழுதியதை அப்படியே நம்பாதீர்கள். ஒரே கச்சேரி மூன்று தேதிகளில் உலவும். எளிய சோதனை, பக்கவாத்தியக்காரர்களின் காலம். பழனி சுப்பிரமணிய பிள்ளை 1962இல் மறைந்தார், அவர் மிருதங்கம் வாசிக்கும் கச்சேரிக்கு 1965 என்று தேதி போட்டிருந்தால் ஏதோ ஒன்று பிழை. ராஜரத்தினம் பிள்ளை 1956, காருகுறிச்சி 1964, ஜி.என்.பி. 1965, மைசூர் சௌடையா 1967. இந்த ஆண்டுகளை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள்.

வானொலிக் கேசட்டில் அறிவிப்பாளர் பேச்சு இருந்தால் வெட்டி எறியாதீர்கள். அதைப்போல உறுதியான சான்று வேறில்லை. இங்கே நடந்த கச்சேரி என்று வீட்டில் சொன்னால், முன்பு சொன்ன நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் அந்த ஆண்டின் நிகழ்ச்சி விளம்பரங்களையும் வானொலி நிரல்களையும் பாருங்கள். தமிழ் முரசில் சொல்லைத் தேடுவதோடு நிற்காமல், உத்தேசத் தேதியைச் சுற்றிப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்.

கோப்பின் பெயரில் ஆண்டு, பாடகர், வயலின், மிருதங்கம், இடம் என்ற வரிசை மாறாமல் இருக்கட்டும். தெரியாததற்குக் கேள்விக்குறி போடுங்கள். ஊகித்து எழுதிய தேதிதான் பத்து ஆண்டில் எல்லாருக்கும் ‘உண்மை’ ஆகிவிடுகிறது.

8. இணையத்தில் ஏற்றுமுன்

ஒலிப்பதிவுக்கான காப்புரிமை இந்தியாவில் வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு, சிங்கப்பூரில் 70 ஆண்டு. 1960இல் வெளியான தட்டு அங்கே விடுபட்டுவிட்டது என்பதால் இங்கேயும் விடுபட்டதாக எண்ணிவிடாதீர்கள். பாட்டை இயற்றியவரின் உரிமை தனி. தியாகராஜர் கிருதிக்குத் தடையில்லை. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார், அவர் பாடல்களுக்கு இந்தியாவில் 2033 முடியும்வரை உரிமை உண்டு. வீட்டுக் கேசட்டானால் பதிந்தவர் குடும்பத்தையும் கேளுங்கள்.

9. அசலை வைத்திருப்பது

டிஜிட்டலாக்கியபின் கேசட்டை எறியாதீர்கள். நாளைக்கு நல்ல டெக் ஒன்று கிடைக்கலாம், நீங்கள் பதிந்ததில் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கலாம். கேமராக்காரர்கள் பயன்படுத்தும் மின் உலர்பெட்டியை 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்தால் கேசட்டுக்கும் தட்டுக்கும் பொருந்தும். அதற்கு வசதியில்லையென்றால் மூடி இறுகும் பெட்டி, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி போதும். ஜெல் நிறம் மாறியதும் உலர்த்தி மறுபடி போடுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்த நாடாவை உடனே ஓட்டாமல் ஒரு நாள் வெளிவெப்பத்தில் பழகவிடுங்கள். தட்டுகளை எப்போதும் நிறுத்தியே அடுக்குங்கள். வெயில் விழும் ஜன்னலோரம் எல்பிக்கு ஆகாது, ஒரே பிற்பகலில் நெளிந்துவிடும்.

கோப்புகளுக்கு மூன்று நகல்: ஒன்று கணினியில், ஒன்று தனி வன்தட்டில், ஒன்று வேறு வீட்டில். ஊரிலுள்ள அண்ணனிடமோ அக்காவிடமோ கொடுத்து வைத்தால் அவர்களும் கேட்பார்கள். ஆண்டுக்கொரு முறை, தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும் வாரத்தில், வன்தட்டைச் செருகி நாலைந்து கோப்புகளை நடுவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். திறக்காத கோப்பு ஒன்றிருந்தாலும் அன்றே மற்ற நகலிலிருந்து மாற்றிவிடுங்கள்.